கழுவிப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்



ஆடிப் பட்டம் நெருங்குகிறது. பழைய டிராக்டர்களுக்கு ஓய்வு முடிந்தது. இந்தச் சமயத்தில் விதை, உரம் பற்றிய கேள்விகளோடு இன்னொன்றும் தவறாமல் வரும்: "இன்ஜின் ஆயில் ஒழுகுது. வண்டியைப் பிரிக்கணும்கிறாங்க. பிரிக்கலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்ணால் பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

பதினைந்து, இருபது வருஷ வண்டி நிற்கும் வீடுகளில், புது டிராக்டர் பேச்சு பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் முன்னால் எப்போதோ தோற்றிருக்கும். அதில் தப்பொன்றும் இல்லை. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் பழைய மாஸி பெர்குசன் வண்டிகள் இன்றும் நம் ஊர்களில் உழுகின்றன. அந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் பக்கத்து டவுனிலேயே இருக்கிறார்கள். அதற்காக, இல்லாத வேலையை நாமே தேடிப் போகவேண்டுமா?

ஒழுகலை முதலில் பார்ப்பவர் அநேகமாக வாசல் தெளிக்கிறவர்தான். கோலம் போடும் இடத்தில் கறுப்புக் கறை என்றால் சும்மா விடுவாரா? அவரிடம் கேளுங்கள்: வண்டியின் முன்பக்கம் சொட்டியிருந்ததா, நடுவிலா? ராத்திரி ஒரு பழைய அட்டையை அடியில் விரித்துவைத்தால் காலையில் இடமும் தெரியும், அளவும் தெரியும்.

பிறகு இன்ஜின் ஆறியதும் டீசலும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். டைனமோ, ஸ்டார்ட்டர் பக்கம் தண்ணீர் அடிக்க வேண்டாம். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஃபேனுக்குக் கை போகாமல் டார்ச் அடித்து மேலிருந்து கீழே பாருங்கள். ஆயில் கீழே வழியும், ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரம் தொடங்கும் உச்சி எதுவோ, அதுதான் இடம். டேப்பட் கவர் பேக்கிங் காய்ந்து ஒழுகும். பழி அடியில் இருக்கும் சம்ப் மேல் விழும். சம்ப் பேக்கிங்கை மாற்றி என்ன பயன்?

அந்த டேப்பட் கவரை ஸ்பேனர் போட்டு இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். தகரம் வளைந்துவிட்டால் புது பேக்கிங்கும் நிற்காது. பேஸ்ட்டை அள்ளி அப்புவதும் வேண்டாம். உள்ளே பிதுங்கி உதிர்கிற துணுக்கு, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்ளும்.

சரி, ஓரிடம் இல்லை, நாலைந்து இடத்தில் ஒரே சமயத்தில் கசிகிறது என்றால்? இன்ஜின் உள்ளே சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதரைப் பாருங்கள். குக்கரில் விசில் அடைத்துக்கொண்டால் கேஸ்கெட் ஓரமாக ஆவி சீறும் அல்லவா? அதே கதைதான். சேறும் பிசுக்கும் அடைத்த பிரீதரைக் கழுவி மாட்ட ஸ்பேர் பார்ட்ஸ் செலவே கிடையாது. பிரீதர் சுத்தமாக இருந்தும், மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை தள்ளுகிறதா? அப்படியானால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எத்தனை சீல் மாற்றினாலும் கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

இன்ஜின் ஆயில் ஒழுகலுக்காக உண்மையிலேயே வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டியது, அநேகமாகக் கிராங்க்கின் பின்பக்க சீல் போனால்தான். பல பழைய மாடல்களில் கிளட்ச் ஹவுசிங் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அங்கே சொட்டுவதை ஒரு வெள்ளைத் தாளில் பிடியுங்கள். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். நிறம் வெளுத்துக் கெட்டியாக இருந்தால் அது கியர் பெட்டியிலிருந்து வருவது. அதற்கு வேறு சீல். சொட்டு நிற்கட்டும் என்று அந்த ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். உள்ளே தேங்கும் ஆயில் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும்.

லேசான கசிவு, கிளட்ச் வழுக்கவில்லை, டிப் ஸ்டிக் அளவு நிற்கிறது என்றால் அறுவடைவரை ஆயில் விட்டுக்கொண்டே ஓட்டலாம் என்பது என் கட்சி. அதற்காக மேல் கோட்டைத் தாண்டி ஊற்ற வேண்டாம். கூடுதல் ஆயில் கூடுதலாகத்தான் ஒழுகும். நொடிக்கு ஒரு சொட்டு என்பது லேசு இல்லை. மணிக்கு 3,600 சொட்டு. நூறு மில்லியாவது போகும். ஊற்றாமலே அளவு ஏறுகிறதா? டீசலோ தண்ணீரோ கலக்கிறது. வண்டியை உடனே நிறுத்துங்கள்.

பிரிக்கிற நாளில் கூடவே இருங்கள். சீலின் விலை கொஞ்சம்தான், கூலிதான் பெரிசு. அதே கூலியில் கிளட்ச் பிளேட்டையும் பேரிங்கையும் பார்த்துவிடலாம். கிராங்க்கில் சீல் உரசும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் அதைச் சரிசெய்யாமல் புது சீல் போட விடாதீர்கள்.

மெக்கானிக் வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். "முதல்ல கழுவிக் கொண்டு வாங்க" என்று வண்டியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உங்களில் நிறையப் பேர். அவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் அடுத்த இதழில் இடம் உண்டு. கேள்வி அனுப்புகிறவர்கள் மாடல், எத்தனை வருஷ வண்டி, சொட்டு எந்த இடத்தில் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். ஹவர் மீட்டர் ஓடினால் அந்தக் கணக்கையும்தான். மீட்டர் ஓடும் வண்டி எத்தனை என்று பார்க்க எனக்கும் ஆசை!

அன்புடன்,
ஆசிரியர்