கம்ப்யூட்டர் சயின்ஸ்: பாடத்தின் பெயரைப் பார்க்கிறோம், படிப்பைப் பார்க்கிறோமா?

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "பிள்ளைக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" என்பதுதான். இப்போது அதனுடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "ஏ.ஐ. வந்த பிறகு அதைப் படித்து வேலை கிடைக்குமா?"

இந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000க்கும் அதிகமானோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலை ஊழியர்களே இதில் அடங்குவர். ஏ.ஐ. இதற்குக் காரணமல்ல, தேவைக்கேற்ற திறன் பொருந்தாததே காரணம் என்று அதன் தலைமை நிர்வாகி கிருத்திவாசன் விளக்கினார். எப்படியானாலும், ஒருமுறை வேலையில் சேர்ந்துவிட்டால் ஓய்வு வரை கவலையில்லை என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

மறுபக்கம் இடங்கள் பெருகுகின்றன. ஒரு பாடப்பிரிவில் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்றிருந்த உச்சவரம்பை, உரிய தகுதியுள்ள கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 கல்வியாண்டு முதல் தளர்த்தியது. ஆகவே 'கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்துவிட்டது' என்பது மட்டும் இனி பெரிய வெற்றியல்ல. எங்கே, எந்த வழியில், என்ன செலவில் கிடைத்தது என்பதே முக்கியம்.

எந்தப் பிரிவு நல்லது?

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று பெயர்கள் நீள்கின்றன. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க், கணிதம் ஆகிய அடித்தளங்கள் இவை அனைத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். புதிய பெயருக்காகக் கூடுதல் பணம் கட்டுவதைவிட, இந்த அடிப்படைகளை நன்றாகக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் உள்ள கல்லூரியைத் தேடுவது மேல்.

பிளஸ் 2வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர்கள் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணிதத்துடன் உயிரியல் படித்தவர்களும் சேரலாம். பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்துவிட்டு எம்.சி.ஏ. செல்வதும் நல்ல வழியே. எம்.சி.ஏ. இப்போது 2 ஆண்டுகள்தான். பாலிடெக்னிக் முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

ஏ.ஐ. எழுதித் தரும்போது புரோகிராமிங் ஏன் கற்க வேண்டும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். 10 லட்சம் பெயர்கள் அகரவரிசையில் உள்ளன. அதில் ஒரு பெயரை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினால் 10 லட்சம் முறை வரை பார்க்க வேண்டியிருக்கும். பட்டியலைப் பாதிப் பாதியாக ஒதுக்கிக்கொண்டே போனால் 20 முறைக்குள் முடிந்துவிடும். இரண்டு விதமாகவும் ஏ.ஐ. எழுதித் தரும். நம் வேலைக்கு எது சரி, எங்கே பிழை என்று சொல்ல அடிப்படை தெரிந்த ஆள் வேண்டும். லேப் ரெக்கார்டை சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கும் மாணவர், நேர்காணலில் வெள்ளைத்தாளைக் கொடுத்தால் திணறிப்போவார். பைத்தானா, சி-யா, ஜாவாவா என்று குழம்பவும் வேண்டாம். ஒன்றை முழுமையாகக் கற்றால் அடுத்தது எளிது.

பணம் எங்கே வீணாகிறது?

நம் குடும்பங்கள் அதிகம் இழப்பது இங்கேதான். சிறுபான்மை அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகளில் 65 சதவீத இடங்களும், சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 சதவீத இடங்களும் அரசுக் கலந்தாய்வுக்கு வருகின்றன. 2007 முதல் முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடும் அதில் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

முடிவு வருமுன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிவிட்டால் இந்தச் சலுகைகளில் பெரும்பகுதி கைநழுவிப்போகும். நம் பகுதியில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வில் வருவதில்லை என்பதையும் விண்ணப்பிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு கட்டணத்துக்காக நகையை விற்பதும், மார்க்கம் தடுத்த வட்டிக்கடனில் சிக்குவதும் நடக்கிறது. நான்கு ஆண்டு முடிந்து வெளிவரும் பிள்ளை, பிடித்த வேலையைத் தேட முடியாமல் தவணை கட்டுவதற்காகக் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்கிறது.

கட்-ஆஃப் குறைந்தால் கதவு மூடிவிடுவதில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் சேர ஜே.இ.இ. தேவையில்லை. அதன் நுழைவுநிலைப் பாடங்களைப் படித்துத் தேர்வில் தேறினால் போதும். வீட்டிலிருந்தே பாடங்களைப் படிக்கலாம். இடையில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்கேற்ப சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் இருக்கிறது.

பெண் பிள்ளைகள்?

பூந்தமல்லி - ஆவடி சாலையிலும் பெங்களூரு நெடுஞ்சாலையிலும் கல்லூரிகள் வரிசையாக உள்ளன. ஆவடி முத்தாபுதுப்பேட்டையில் ஆலிம் முஹம்மது சாலிஹ் பொறியியல் கல்லூரி இருக்கிறது. தினமும் வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பதால் மகள்களைப் படிக்க வைக்கிறோம், மகிழ்ச்சி. ஆனால் பட்டத்தைத் திருமண அழைப்பிதழில் போடுவதோடு பலருடைய படிப்பு நின்றுவிடுகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலேயே இன்று மென்பொருள் நிறுவனங்கள் இயங்குகின்றன. வீட்டிலிருந்து செய்யும் பணிகளும் உண்டு. படிப்புக்குச் செலவிடும் முன்பே, "முடித்த பிறகு என்ன செய்ய விரும்புகிறாய்?" என்று மகளிடம் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த கலந்தாய்வு வரும்வரை காத்திருக்காமல் பி.சி.எம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஏற்கெனவே இத்துறையில் பணிபுரியும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு அவர்கள் பிள்ளைகளுடன் அமர்ந்து பேச ஜமாஅத் நிர்வாகிகள் ஏற்பாடு செய்தால், தரகர்களின் பேச்சை நம்பும் நிலை இன்ஷா அல்லாஹ் மாறும்.