வெட்சித் துறைகளும் கதையாட்டத்தின் பரிசிலும்

மார்கழி நெருங்கும்போது திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டை ஒட்டிய கடைகளில் பரமபத சோபான படத்தைக் கேட்டு வாங்குவோர் இன்றும் உளர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருக்கத் துணையாவது அவ்வாட்டம். அதில் ஏணி நல்வினையின் பயன். பாம்பு தீவினையின் பயன். ஆயினும் வினையை ஆடுவோர் தேர்வதில்லை, தாயக்கட்டையே தேர்கிறது. பரிசில் கட்டத்தில் முன்னரே எழுதப்பட்டுள்ளது.

இதற்கு மறுதலையானது, ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகிப் பேச்சாலேயே கதையை நடத்தும் மேசை விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையின் முன்னோடி. அதன் தொடக்க விதிகள், வென்ற பகைக்கும் கவர்ந்த பொருளுக்கும் அனுபவப் புள்ளிகளை வழங்கின. எதற்குப் புள்ளியோ அதனையே ஆடுவோர் நாடுவர். காணாமற்போன தந்தையைத் தேடிப் புறப்பட்ட மாந்தர் புதையல் தேடுபவராகிவிடுவார். எனவே, கதையின் திருப்பங்களை எட்டுங்கால் படிநிலை உயர்த்தும் முறையும் பின்னர் வழக்கிற்கு வந்தது. ஆயினும் கதைமாந்தரின் இலக்கை எவ்வாறு குறித்துவைப்பது, எந்நிலையில் பரிசளிப்பது என்னும் வினாக்கள் எஞ்சுகின்றன.

இவற்றை ஆராயத் தொல்காப்பியப் புறத்திணையியல் துணைசெய்யும் என்பது என் கருத்து. வெட்சித் துறைகள் 14. படையியங்கரவத்தில் தொடங்கும் அவ்வரிசையில் ஊர்கொலை 6ஆவது, ஆகோள் 7ஆவது. பங்கிடுதலாகிய பாதீடோ 12ஆவதாகவே வருகிறது. இடையில் பூசல்மாற்று, நோயின்றுய்த்தல், நுவல்வழித்தோற்றம், தந்துநிறை ஆகியன உள்ளன. கொன்றதற்கோ கவர்ந்ததற்கோ உடனே பரிசில் இல்லை. ஆநிரையை வருத்தாமல் ஓட்டிவந்து, ஊரார் காண நிறுத்திய பின்னரே உண்டு. புறப்பொருள் வெண்பாமாலை கூறும் பாதீட்டில் வாளேந்திப் பொருதவர்க்கு மட்டுமன்றி, உளவறிந்து வந்தவர்க்கும் நிமித்தம் பார்த்துச் சொன்னவர்க்கும் பங்குண்டு. இறுதித் துறை கொடை. பெற்றதைப் பிறர்க்கு ஈவதிலேயே வினை நிறைவெய்துகிறது.

இதிலிருந்து மூன்று நெறிகளைப் பெறலாம். இலக்கைத் துறைகளாகப் பகுத்துக் குறித்தல். செயல் முற்றி, உடன் ஆடுவோர் அதனை ஏற்ற பின் பரிசளித்தல். போரிடாதார் பங்களிப்பையும் கணக்கிற் கொள்ளுதல்.

செய்யுளிலக்கணத்தை விளையாட்டு விதியாக்கலாமா என வினவலாம். பண்டே எல்லாம் நம்மிடம் இருந்தது என்னும் பெருமிதவுரையன்று இது. துறை என்பது கதைநிகழ்வைப் பகுத்தறியும் கருவி. அக்கருவி இன்றைய வாய்மொழிக் கதையாடலுக்கும் பயன்படும் என்பதே என் வாதம். உவகையின் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் மெய்ப்பாட்டியல் வைத்துள்ளமை ஈண்டு நினையத்தக்கது.

ஆய்வியல் நிறைஞர் களப்பணியின்போது திருவரங்கத்தில் ஒரு மூதாட்டி பரமபதம் ஆடக் கண்டேன். கட்டங்களை எண்ணினேன், பாம்புகளின் பெயர்களை எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு பாம்பிலும் இறங்கும்போது அவர் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளை மட்டும் பதிவுசெய்யவில்லை. அவை ஆட்டத்தின் புறத்தன என எண்ணினேன். மறு ஆண்டு சென்றபோது அவர் இல்லை. தாயக்கட்டை மறுத்த தேர்வை அக்கதைகளே வழங்கின என்பதை இன்று உணர்கிறேன். விளையாட்டை ஆராயும் தமிழ்த்துறைகள் பலகையோடும் விதியோடும் நின்றுவிடாமல், ஆடுவோர் பேச்சையும் பனுவலாகக் கொண்டு தொகுத்தல் வேண்டும்.