சம்பளப் பாக்கிக்குச் சாமானை எடுக்கலாமா?

ஒரு சிறு பட்டறை. அங்கே வேலை செய்யும் தொழிலாளிக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. "இன்று, நாளை" என்று முதலாளி இழுத்தடிக்கிறார். ஊரிலிருந்து பணம் கேட்டு போன் மேல் போன் வருகிறது. பொறுத்துப் பார்த்த தொழிலாளி, ஒரு நாள் மாலை பட்டறையிலிருந்த டிரில் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். "பாக்கியைக் கொடுத்துவிட்டு மெஷினை வாங்கிக்கொள்ளட்டும்" என்பது அவர் கட்சி. மறுநாள் காலையில் வாசலில் போலீஸ் நிற்கிறது.

மும்பையானாலும் பெங்களூரானாலும், பிழைக்க வந்த இடத்தில் இப்படி நினைக்கிறவர்கள் ஒருவர் இருவர் அல்ல. நியாயம் தம் பக்கம் இருப்பதால் சட்டமும் தம் பக்கம் இருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் ஆபத்து.

ஐந்து அம்சங்கள்

திருட்டு எது என்பதை 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 378-வது பிரிவில் வகுத்துச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதீய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பிரிவின் எண் 303 என்று மாறியதே தவிர, இலக்கணம் மாறவில்லை. எடுத்தது அசையும் பொருளாக இருக்க வேண்டும்; அது இன்னொருவர் வசம் இருந்திருக்க வேண்டும்; அவர் சம்மதம் இருக்கக் கூடாது; எடுப்பதற்காகப் பொருளை நகர்த்தியிருக்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அது திருட்டு ஆகாது.

இதில் கவனிக்க வேண்டியது, சட்டம் பார்ப்பது பொருள் யாருக்குச் சொந்தம் என்பதை அல்ல, யார் வசம் இருந்தது என்பதைத்தான். கைக்கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தவர், கூலி கொடுக்காமல் கடையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தால், தன் கடிகாரத்தையே திருடியவர் ஆகிறார். சட்டப் புத்தகத்திலேயே உள்ள உதாரணம் இது.

அப்படியானால் டிரில் மெஷின்? பாக்கியைக் கொடுக்க வைப்பதற்காகக் கடனாளியின் பொருளை அவர் சம்மதமில்லாமல் எடுத்தாலும் அது திருட்டுத்தான் என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1895-லேயே தீர்ப்பளித்துவிட்டது. "திருப்பிக் கொடுத்துவிடுவேன்" என்று சொல்லியும் தப்ப முடியாது.

இதைக் குமாஸ்தாக்களும் நினைவில் வைக்க வேண்டும். ராஜஸ்தானில் ஒரு பொறியாளர் அலுவலகச் சூப்பரின்டெண்ட், நண்பருக்காக ஒரு கோப்பை வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாளே திரும்ப வைத்தார். இடையில் அதிலிருந்த காகிதங்கள் மாற்றப்பட்டிருந்தன. ஒரு நாள் எடுத்தாலும் திருட்டு திருட்டுத்தான் என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது.

யாருக்குச் சலுகை?

புதிய சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவையாகத் திருடியவர், அதையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறை இல்லை. சமூக சேவைதான் தண்டனை. ஆனால் இது 303-வது பிரிவில்தான் இருக்கிறது. வேலைக்காரரோ குமாஸ்தாவோ முதலாளி வசமிருந்த பொருளைத் திருடினால் 306-வது பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும். அதில் இந்தச் சலுகையைக் காணோம்.

சம்பளம் கிடைக்காமல் சாமானை எடுத்தவர் திருடர். மூன்று மாத உழைப்பை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காதவர்? அவர் வெறும் கடனாளி! கொடுக்காத கூலி யார் கையிலிருந்தும் நகர்த்தி எடுக்கப்பட்ட பொருள் அல்லவே. இலக்கணம் சரியாக இருக்கலாம். ஆனால் முதலாளியின் புகாருக்குப் போலீஸ் காட்டுகிற வேகத்தில் பாதியாவது தொழிலாளியின் மனுவுக்குத் தொழிலாளர் துறை காட்டினால், மெஷினைத் தூக்கும் எண்ணமே பலருக்கு வராது. திருட்டுப் புகார் வரும்போது, சம்பளப் பாக்கி உண்டா என்றும் போலீஸார் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

செய்ய வேண்டியது என்ன?

அதுவரை தொழிலாளிக்குப் பாதுகாப்பு எச்சரிக்கைதான். வேலை செய்த நாட்களைக் குறித்து வைத்து, தொழிலாளர் அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். சொந்த உளி, ஸ்பானர்களைப் பட்டறையில் வைப்பவர்கள், பட்டியல் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தன்னுடையது என்று மனப்பூர்வமாக நம்பி எடுத்தது திருட்டல்ல; ஆனால் அதைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டாமா?

பழி வந்துவிட்டாலும் பதற வேண்டியதில்லை. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க முடியாது. கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். காவலில் இருப்பவருக்கு 1987-ம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உதவி உண்டு.

இந்த விவரங்கள் மொழி தெரியாத ஊரில் தனியாக நிற்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடத்தும் தமிழ்ச் சங்கங்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வக்கீலை அழைத்து உட்கார வைத்தால், மனு எழுதத் தெரியாத பத்துப் பேருக்கு வழி பிறக்கும். கூலி கேட்கப் போனவர் திருடன் என்ற பெயரோடு ஊர் திரும்பக் கூடாது.