புதிய பதிப்பும் பழைய எழுத்தும்

ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரும்போது, அதில் புதிதாகச் சேர்க்கப்பட்ட வசதிகளின் பட்டியலும் உடன் வெளிவருகிறது. விளம்பரங்களும் மதிப்புரைகளும் அந்தப் பட்டியலையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பழைய பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை எவை, முன்னர் செய்து வைத்த ஆக்கங்கள் புதிய பதிப்பில் என்ன ஆகும் என்பவை உதவிப் பக்கங்களின் ஓரத்தில் சிறிய எழுத்தில் கிடக்கும். ஒரு பதிப்பின் தரத்தை இந்த இரண்டாவது செய்தியைக் கொண்டே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு ஃப்ளாஷ் மென்பொருளைப் போல் பொருத்தமான சான்று வேறில்லை. தோற்றம், வளர்ச்சி, முடிவு மூன்றும் நம் கண்முன்னே நிகழ்ந்துவிட்ட வரலாறு அது.

1996இல் ஃப்யூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்ற பெயரில் வெளிவந்த சிறிய இயங்குபடக் கருவியை அதே ஆண்டின் இறுதியில் மாக்ரோமீடியா நிறுவனம் வாங்கி ஃப்ளாஷ் என்று பெயரிட்டது. படம் வரைபவர், ஒலி சேர்ப்பவர், நிரல் எழுதுபவர் ஆகிய மூவரின் வேலையையும் ஒரே மேசையில் ஒருவரே செய்துவிடலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. கிடைமட்டமாக நீளும் காலக்கோட்டில் சட்டகங்களை அடுக்கிக்கொண்டே போனால் கதை ஓடத் தொடங்கிவிடும். மழலையர் பாடல்கள், அரிச்சுவடி, கவிதைக்கான காட்சிப்படம், குறுந்தகட்டில் வந்த பாடநூல் என்று சிறு குழுக்களும் தனி ஆட்களும் துணிந்து இறங்கியது இதனால்தான்.

இம்மென்பொருளோடு பல ஆண்டுகள் பணியாற்றிய நிரலாளன் என்ற முறையில், பதிப்புகள் மாறியபோது உணர்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003இல் வந்த எம்.எக்ஸ். 2004 பதிப்பு ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 2 என்ற ஒழுங்கான நிரல்மொழியைத் தந்தது. அதே பதிப்பு, நிரல் தெரியாதவர்களுக்கென இருந்த எளிய முறையை எடுத்துவிட்டது. பட்டியலிலிருந்து கட்டளைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டங்களை நிரப்பி நிரல் அமைக்கும் முறை அது. ஓவியர்களும் ஆசிரியர்களும் அதை நம்பியே இருந்தார்கள். 2005இல் ஃப்ளாஷ் 8 வந்தபோது அது வேறு பெயரில் திரும்பியது. திரும்பக் கிடைத்த பொருளும் புதிய வசதிகளின் பட்டியலிலேயே இடம்பெற்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மற்றபடி ஃப்ளாஷ் 8 தந்த நிழல், மங்கல், ஒளிர்வு போன்ற வடிப்பான்களும், சிறிய எழுத்துகளைத் தெளிவாகக் காட்டும் நுட்பமும் உண்மையிலேயே மகிழ்ச்சியளித்தவை.

2005 டிசம்பரில் மாக்ரோமீடியா அடோபியின் வசமானது. 2007இல் வந்த சி.எஸ்.3 பதிப்பில் ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 3 இடம்பெற்றது. அதுவரை ஒரு பொத்தானை வரைந்து, அந்தப் பொத்தானின் மீதே இரண்டு வரி நிரலை எழுதிவிடலாம். புதிய மொழியில் அது இயலாது. பொத்தானுக்குப் பெயர் சூட்டி, நிகழ்வுக்குச் செவிமடுக்கும் ஒரு செயற்கூறைத் தனியே எழுதி, இரண்டையும் இணைக்க வேண்டும். புதுக்கவிதை எழுதிக்கொண்டிருந்தவரை அழைத்து, இனி வெண்பாவில்தான் எழுத வேண்டும், தளை தட்டினால் அச்சேறாது என்று சொன்னதற்கு ஒப்பானது இது. வெண்பாவுக்கு உரிய நன்மைகளும் அதில் இருந்தன. வேகம் பெருகியது, ஓடும்போது வெளிப்பட்ட பிழைகள் பல தொகுக்கும்போதே பிடிபட்டன. நிரலாளர்கள் வரவேற்றார்கள், நானும் வரவேற்றேன். ஆயினும் வரைந்துகொண்டே நிரல் கற்றுக்கொண்டவர்களில் ஒரு பகுதியினர் அந்த வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சிறு வெளியீடுகளுக்கு உழைத்தவர்கள் பெரும்பாலும் அவர்களே.

இவை எந்த மொழியினருக்கும் பொதுவான அனுபவங்கள். தமிழில் வேலை செய்தவர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு. அது எழுத்தைப் பற்றியது.

ஃப்ளாஷ் இயக்கி ஒருங்குறியை 2002இல், தன் 6ஆம் பதிப்பிலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒருங்குறியை ஏற்பது வேறு, தமிழை எழுதுவது வேறு. ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும் ஆகிய இரண்டு எண்கள். திரையில் அது ககரத்தின் முன்னே ஒரு கொம்பும் பின்னே ஒரு காலுமாகப் பிரிந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய மென்பொருளுக்குத் தமிழின் இணைப்பு விதிகள் தெரிந்திருக்க வேண்டும். எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பதித்து வெளியிடும் முறையில் அவ்விதிகள் செயற்படவில்லை. பார்ப்பவரின் கணினியிலுள்ள எழுத்துருவை நம்பி வெளியிட்டால், அந்த எழுத்தைச் சுழற்றவோ மெல்ல மங்கவைக்கவோ முடியாது. இயங்குபடக் கருவியில் எழுத்தை இயக்க முடியாவிட்டால் என்ன பயன்?

ஆகவே வழக்கத்திலிருந்த தீர்வு, திஸ்கி, டாப், பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பதிப்பதுதான். அவற்றில் கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண். அடித்த வரிசையிலேயே திரையில் தோன்றும். சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, எழுத்தை உடைத்து வெறும் கோட்டோவியமாக மாற்றிவிடுவார்கள். பார்ப்பதற்கு இரண்டும் அழகாகவே இருந்தன. ஆனால் கோப்பினுள் பதிவானது தமிழ் அன்று. ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய எண்கள், அல்லது வெறும் கோடுகள். அதைத் தேட முடியாது. படியெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகள்தாம் கிடைக்கும்.

எழுத்து எழுத்தாகத் தோன்றும் தட்டச்சு விளைவை ஆங்கிலத்தில் சில வரிகளில் செய்துவிடலாம். தமிழில் பழைய எழுத்துருவோடு அதைச் செய்தால் ‘கொடி’ என்ற சொல்லுக்கு முதலில் அநாதையாக ஒற்றைக் கொம்பு வரும்; பிறகு ‘கெ’, அதன் பிறகே ‘கொ’. ஒருங்குறியில் செய்தால் ‘க’ என்று தொடங்கிக் கண்ணெதிரே ‘கொ’ என்று மாறும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் நிரல் 5 என்று விடை சொல்லும். தொல்காப்பியர் காலம் முதல் நமக்கு அது மூன்றெழுத்துச் சொல்.

இக்குறையை நீக்கும் முயற்சி நடந்தது. 2008இல் வந்த 10ஆம் இயக்கியின் புதிய எழுத்துப் பொறி இந்திய எழுத்துமுறைகளையும் கையாளும் வகையில் அமைந்தது. 2010இல் சி.எஸ்.5 பதிப்பில் அது வடிவமைப்புக் கருவிக்குள்ளேயே வந்து சேர்ந்தது. தமிழுக்கு உண்மையான பயனுள்ள மேம்பாடு என்று நான் கருதியது இதைத்தான். ஆனால் 2013இல் வெளிவந்த சி.சி. பதிப்பில் அந்த எழுத்துமுறை கருவியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 ஆகியவற்றுக்கான ஆதரவும் உடன் போயிற்று. மூன்றே ஆண்டுகள். 2016இல் மென்பொருளின் பெயரே அனிமேட் என்று மாறியது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃப்ளாஷ் இயக்கிக்கான ஆதரவை அடோபி நிறுத்திக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்த இயக்கி எந்தக் கோப்பையும் காட்ட மறுத்தது.

ரஃபிள் என்னும் திறமூலப் போன்மி இப்போது பல பழைய கோப்புகளை இயக்கிக் காட்டுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020இலிருந்து அதன் துணையோடு ஃப்ளாஷ் ஆக்கங்களைச் சேமித்து வருகிறது. நல்ல பணி. ஆனால் அது படத்தை மட்டுமே மீட்டுத் தரும். பழைய எழுத்துருவில் சிக்கிய சொல்லையும் கோடாக உடைக்கப்பட்ட சொல்லையும் போன்மியால் தமிழாக்கித் தர இயலாது.

இத்தனை பதிப்புகளிலும் சிறந்த மேம்பாடு எது என்று கேட்டால், விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படாத ஒன்றையே சொல்வேன். சி.எஸ்.5 வரை மூலக்கோப்பு உரிய மென்பொருளாலன்றி வேறெதனாலும் திறக்க இயலாத பூட்டிய பெட்டியாக இருந்தது. அந்தப் பதிப்பில் அது எக்ஸ்.எம்.எல். கோப்புகளை அடக்கிய சுருக்கப் பொதியாக மாறியது. மென்பொருளே இல்லாவிட்டாலும் அதைப் பிரித்து உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம். நிழலும் ஒளிர்வும் இரண்டாண்டில் பழசாகிவிடும். திறக்கக்கூடிய கோப்பு பழசாவதில்லை.

இவ்வளவும் பெருநிறுவனங்களின் முடிவு, நாம் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். நம் கையிலும் சில இருக்கின்றன. உரையைப் படத்துக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில், ஒருங்குறியில் வைத்து, ஓடும்போது வெளியிலிருந்து ஏற்றிக்கொள்வது முதலாவது. எக்ஸ்.எம்.எல். ஏற்றும் வசதி 2000இல் வந்த ஃப்ளாஷ் 5இலேயே உண்டு. பழைய எழுத்துருவில் காட்டித்தான் ஆகவேண்டும் என்றாலும், மூல உரை ஒருங்குறியில் ஒரு பிரதியாவது இருக்கலாமே. வெளியிட்ட கோப்போடு மூலக்கோப்பையும் காப்பது இரண்டாவது. மூன்றாவது, பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் பழையவற்றைத் திறந்து புதிய வடிவில் சேமிப்பது. ஏட்டுச்சுவடி நைந்துபோகும் முன் அடுத்தவர் புதிய ஏட்டில் படியெடுத்ததனால்தான் சங்கப் பாடல்கள் உ.வே.சா. கைக்கு வந்து சேர்ந்தன. படியெடுக்காத ஏடுகள் என்ன ஆயின என்பதை அவரே வருந்தி எழுதியிருக்கிறார்.

2000களின் குறுந்தகடுகள் பல வீடுகளிலும் பள்ளி அலமாரிகளிலும் இன்னும் கிடக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலோர் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். புதிய மென்பொருளுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கை அந்தத் தகடுகளுக்குத் தருவதே இப்போது நாம் செய்யக்கூடிய உருப்படியான மேம்பாடு.