வலிக்கும் உண்டு வரவு செலவு

தாம்பரம் – பீச் மின்சார வண்டியில் ஒரு மாதம் தொடர்ந்து போய் வந்தால் பாதி எம்.பி.பி.எஸ். படித்த மாதிரி. கிரிக்கெட்டும் அகவிலைப்படியும் குரோம்பேட்டைக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் வலி. 'எனக்கு எல்-4, எல்-5 ஸார்' என்று முப்பது வயசுப் பையன் வீட்டு நம்பர் சொல்வதுபோல் சொல்வான். எதிர் சீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை உருவி, 'இதைப் போட்டுப் பாருங்க, உடனே கேட்கும்' என்பார். மீனம்பாக்கத்தில் வைத்தியம் முடிந்துவிடும். ஃபீஸ் கிடையாது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மூட்டுவலியில் டிகிரி கொடுத்தது 2006. சிக்குன்குனியா. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவே குனிந்து நடந்தது. பெயரில் 'குனி' இருப்பதால் தமிழ் வார்த்தையோ என்று நினைத்துவிட வேண்டாம். ஆப்பிரிக்காவில் மகோண்டே என்ற மொழிச் சொல். வளைந்து போவது என்று அர்த்தம். 1952-ல் இன்றைய தான்சானியாவில் அடையாளம் கண்டார்கள். 1964-ல் மெட்ராஸுக்கு ஒரு தடவை வந்து போயிருக்கிறது. 2006-ல் இந்தியா முழுக்க ஏறக்குறைய 14 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்பது சர்க்கார் கணக்கு. (கணக்கில் வராமல் கஷாயம் குடித்தவர்கள் தனி.)

அம்மாவுக்கு ஜுரம் ஐந்தே நாள். மணிக்கட்டு வலி ரெண்டு வருஷம். காலையில் இட்லிப் பானை மூடியைத் தூக்க முடியாது. அந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. பாராசிட்டமால், ஓய்வு, பொறுமை என்றார் டாக்டர். மூன்றாவது அயிட்டம் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் ஸ்டாக் இல்லை.

அங்கே இருந்தது 'செட்'. சின்ன காகித கவரில் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு குட்டி. சீட்டு வேண்டாம், 'மூட்டு வலி' என்றால் போதும். மூன்றில் அந்தக் குட்டிதான் ஹீரோ. ஸ்டீராய்டு. எதிர் வீட்டு மாமா பத்து மாசம் செட் சாப்பிட்டார். வலி போனது, சுகர் வந்தது, முகம் பூரி மாதிரி உப்பியது. 'கொஞ்சம் பூசினாப்பல இருக்கேன் பாரு' என்று சந்தோஷப்பட்டார். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. டாக்டர் அளந்து கொடுத்தால் உயிரையே காப்பாற்றும். மாசக்கணக்கில் தானாகச் சாப்பிட்டால் எலும்பு கரையும். திடீரென்று நிறுத்தினாலோ அதைவிட ஆபத்து. உடம்பு சொந்தமாக அதைச் சுரப்பதை மறந்திருக்கும்.

★ ★ ★

வலி மாத்திரையின் வீரியம் தெரிய வேண்டுமானால் பிணந்தின்னிக் கழுகைக் கேட்க வேண்டும். கேட்க ஆளில்லை. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் 99 சதவிகிதத்துக்கு மேல் அழிந்துபோயின. காரணம் 2004-ல் தெரிந்தது: டைக்ளோஃபினாக். மாட்டுக்கு வலி என்று ஊசி போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற கழுகுக்கு கிட்னி போயிற்று. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனுஷனுக்கு விற்ற பெரிய பாட்டில் மாட்டுக்குப் போகிறதென்று 2015-ல் ஊசி மருந்தை 3 மில்லிக்கு மேல் அடைக்கக் கூடாது என்றார்கள். கம்பெனிகள் வழக்குப் போட, 2017-ல் சென்னை ஹைகோர்ட் தடை சரிதான் என்றது.

நாம் கழுகு இல்லை. டாக்டர் சொல்லி நாலு நாள் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெறும் வயிற்றில், மாசக்கணக்கில், பி.பி.யும் சுகரும் இருக்கிறவர் விழுங்கினால் வயிற்றில் புண், கிட்னியில் சேதம். கிட்னிக்கு ஒரு கெட்ட குணம். போகிறவரை வலிக்காது.

★ ★ ★

மூன்று மாசத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. காயம் ஆறின பிறகும் நரம்பு மணியடித்துக்கொண்டே இருக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. வீட்டில் 'நடிக்கிறா' என்பார்கள். வலியைவிட இது வலிக்கும். இதற்கு டாக்டர்கள் சில சமயம் மனச்சோர்வுக்கான மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு. நரம்பின் மணியை அடக்கத்தான். 'எனக்கென்ன பைத்தியமா?' என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம்.

ஓயாத அசதி என்றால் டானிக் வாங்குமுன் ரத்தம் கொடுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், பி-12 என்று காரணம் சாதாரணமாக இருக்கலாம். சித்த வைத்தியம் வேண்டுமென்றால் சானடோரியத்தில் 2005-லிருந்து தேசிய சித்த மருத்துவமனையே இருக்கிறது. ஒரே ஒரு விஷயம்: அங்கே சாப்பிடுவதை இங்கேயும், இங்கே சாப்பிடுவதை அங்கேயும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மீதியெல்லாம் பி.காம். சமாசாரம். உடம்பில் தினமும் கொஞ்சம்தான் வரவு. வலி இல்லாத நாளில் நாலு நாள் வேலையைச் சேர்த்துச் செய்தால் ஓவர் டிராஃப்ட். அடுத்த மூன்று நாள் வட்டியோடு படுக்கை. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு. பத்து நிமிஷ நடை. ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் பன்னிரண்டு. படுத்தே கிடந்தால் மூட்டு இன்னும் இறுகும்.

2007-ல் நான் காலேஜ் சேர்ந்த புதிதில் அம்மா பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுத ஆரம்பித்தாள். எந்த வேலையையும் பாதியில் விட்டறியாதவள். ஒரு செவ்வாய்க்கிழமைப் பதிவு இப்படி:

'துணி பாதி. மீதி நாளைக்கு. கை தேவலை.'

எந்த ஆடிட்டரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம்.