யூ மரம்தான் வேண்டுமாமே!

கையால் ஒரு மர வில் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் பலர் கடைசிவரை வில்லே செய்வதில்லை. மரம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலேயரின் நீள வில்லைப் பற்றி எங்கோ படித்திருப்பார்கள், அஜின்கூர் போர் (1415) பற்றி ஒரு படம் பார்த்திருப்பார்கள். அவ்வளவுதான்! யூ மரம் வேண்டும். அதுவும் மலையில் மெதுவாக வளர்ந்தது வேண்டும். நிழலில் சில வருடம் காய்ந்திருக்க வேண்டும். அது லேசில் கிடைக்காது, கிடைத்தால் விலை கட்டாது. இதைவிட மோசமான இன்னொரு கூட்டம் உண்டு. காசைக் கொட்டி நல்ல யூ கட்டையை வாங்கி, முதல் வாரமே இரண்டாக முறித்து வைப்பவர்கள்.

முதல் வில்லுக்கு யூ மரம் வேண்டாம். 'இல்லாவிட்டால் பரவாயில்லை' என்று சமாதானம் சொல்வது அல்ல இது. இருந்தாலும் அதைத் தொடக்கூடாது என்பதுதான் வாதம்.

யூ மட்டுமே வில் மரம் என்பது பாதி வரலாறு. அந்த ஆங்கிலேயர்களுக்கே யூ போதவில்லை. 1472ல் ஒரு சட்டம் போட்டார்கள்: வெளிநாட்டிலிருந்து சரக்கு கொண்டுவரும் கப்பல்கள் ஒரு டன் சரக்குக்கு நான்கு வில் கட்டைகள் வீதம் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். எட்டாம் ஹென்றி காலத்தில், வில் செய்பவர்கள் யூவோடு நிற்காமல் எல்ம், ஆஷ் போன்ற மலிவு மரங்களிலும் செய்தே ஆகவேண்டும் என்று இன்னொரு சட்டம். எல்லார் கையிலும் யூ வில் இருந்தது என்றால் இந்தச் சட்டங்கள் எதற்கு?

இன்னும் பின்னால் போனால் டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பு நிலத்தில் 1944ல் கிடைத்த வில். சுமார் ஒன்பதாயிரம் ஆண்டு பழசு. மரம் எல்ம். வடிவமும் ஆங்கிலேய வில்லைப் போல உருண்டு தடித்தது இல்லை. அகலமாக, தட்டையாக இருக்கிறது. அந்தச் சதுப்பு நிலத்து வேடருக்குத் தெரிந்த விஷயம் இன்று கையில் இழைப்புளி வைத்திருப்பவருக்குத் தெரியவில்லை, என்ன செய்ய!

யூவுக்குப் பெருமை சும்மா வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வில்லில் குறியைப் பார்க்கும் பக்கம் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. யூவின் வெளிமரம் இழுப்பைத் தாங்கும், உள்மரம் நசுக்கலைத் தாங்கும். இயற்கையே இரண்டையும் ஒட்டித் தந்த மாதிரி. அதனால்தான் ஒடுங்கித் தடித்த ஆங்கிலேய வடிவம் அதில் பிழைக்கிறது. ஓக், ஹிக்கரி, மேப்பிள் பலகையில் அதே வடிவத்தைச் செதுக்கினால் வயிறு நசுங்கி வில் கூனிப்போகும், அல்லது முறியும். உடனே "பலகை மரம் வில்லுக்கு ஆகாது" என்று தீர்ப்பு வேறு! தப்பு பலகையில் இல்லை, வடிவத்தில். 1930களில் அமெரிக்காவில் ஹிக்மன், குளோப்ஸ்டெக் என்ற இருவர் வில்லைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தார்கள். தட்டையான செவ்வக வெட்டுமுகம்தான் மரத்துக்குச் சுமையைச் சமமாகப் பகிர்ந்து தருகிறது என்று காட்டினார்கள். அகலமாக, நீளமாக, தட்டையாகச் செய்தால் அங்கே சாதாரண மரக்கடையில் கிடைக்கும் பலகையே போதும்.

ஆனால் எந்தப் பலகையும் இல்லை. கடையில் ஐம்பது பலகையைப் புரட்டினால் ஒன்று தேறலாம். ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓரத்தில் வெளியேறாமல் நேராக ஓட வேண்டும். முடிச்சு கூடாது. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். பணம் செலவழிக்க வேண்டிய இடம் இது இல்லை, நேரம் செலவழிக்க வேண்டிய இடம்.

அடுத்த வியாதி பவுண்டு. 1545ல் மூழ்கி 1982ல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் 170க்கும் மேற்பட்ட நீள வில்கள் கிடைத்தன. அவற்றை இழுக்க நூறு பவுண்டுக்கு மேல் விசை வேண்டியிருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். இதைப் படித்தவுடன் முதல் வில்லே எண்பது பவுண்டு வேண்டும் என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் சிறு வயதிலிருந்து இழுத்துப் பழகியவர்கள். சிலருடைய தோள்பட்டை எலும்பிலேயே அதன் தடம் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த வில்களைச் செய்தவர்களும் அதையே தொழிலாகச் செய்தவர்கள். முதல் வில்லுக்கு 35, 40 பவுண்டு தாராளம். அறுபத்தெட்டு அங்குல நீளம், கைப்பிடியை ஒட்டி இரண்டு அங்குல அகலம், நுனியில் அரை அங்குலம், இழுப்பு 28 அங்குலத்தைத் தாண்டாமல். கைப்பிடிக்கு மட்டும் ஒரு துண்டு மரத்தை ஒட்டிக்கொள்ளலாம். பார்க்க வீரமாக இருக்காதுதான். முழுசாக இருக்கும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது. வில்லின் இரண்டு கைகளும் ஒரே சீராக வளையும்படி வயிற்றுப் பக்கத்தைச் சுரண்டிக்கொண்டே வருவது, டில்லரிங் என்கிறார்கள். இங்கேதான் பெரும்பாலான வில்கள் சாகின்றன, அதுவும் அவசரத்தால். ஒரு சின்னக் கணக்கு: அகலத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் விறைப்பும் பத்து சதவீதம்தான் குறையும். தடிமனைப் பத்து சதவீதம் குறைத்தால் 27 சதவீதம் போய்விடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அரை அங்குலத் தடிமனில் பத்து சதவீதம் என்பது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இழைப்புளியை வேகமாக நாலு தடவை ஓட்டினால் அது காணாமல் போய்விடும். போனது திரும்பி வராது.

ஆகவே முதலில் தரையில் ஊன்றி அழுத்தி வளைவைப் பார்ப்பது. பிறகு நீளமான நாணைக் கட்டி, சுவரில் பொருத்திய கட்டையில் வைத்துக் கொஞ்சமாக இழுத்துப் பார்ப்பது. எங்கே விறைத்து நிற்கிறதோ அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். எங்கே அதிகம் வளைகிறதோ அந்த இடத்தைத் தொடவே கூடாது. ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் இருபது முப்பது தடவை மெல்ல இழுத்துவிட வேண்டும். அதற்கு முன் மரம் தன் உண்மையான வளைவைக் காட்டாது. கோணல் தெரியும்போது அதைத் தாண்டி ஒரு அங்குலம்கூட இழுக்கக்கூடாது. நினைத்த பவுண்டையும் ஒருபோதும் தாண்டக்கூடாது. "கொஞ்சம் முழுசா இழுத்துத்தான் பார்ப்போமே" என்ற ஒரு நிமிட ஆசையில் மூன்று வார வேலை தூளாகும். தூள் என்றால் நிஜமாகவே தூள். முறியும் வில்லின் துண்டு முகத்துக்கு நேராக வரும், கண்ணுக்கும் அதற்கும் நடுவே ஒன்றும் இருக்காது. முறிந்தபின் "மரம் சரியில்லை" என்பார்கள். பத்தில் ஒன்றுக்கு அது உண்மையாக இருக்கலாம்.

நம் புராணப் படங்களும் இந்தக் கெட்ட பழக்கங்களுக்குக் கொஞ்சம் பொறுப்பு. அம்பை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்க வசனம் பேசுவார்கள். நாண் ஏற்றிய வில்லை இரவும் பகலும் தோளில் மாட்டித் திரிவார்கள். மர வில்லுக்கு இரண்டுமே கேடு. வளைந்தே கிடக்கும் மரம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வளைவிலேயே தங்கிவிடும், வேகம் போய்விடும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றுவதுதான் பராமரிப்பில் முக்கால் பங்கு. அம்பு இல்லாமல் நாணை இழுத்துச் சும்மா விடுவது அடுத்த கொலை. அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் வில்லின் கைகளுக்கே திரும்பும். வில் செய்தவர் ஒழுங்காக இருந்தாலும், பார்க்க வரும் நண்பர்கள் கேட்காமல் எடுத்துச் செய்வது இதைத்தான்!

நாணிலும் பெருமை வேண்டாம். நவீன வில்களுக்கு வந்திருக்கும் நீளாத நாண் இழைகள் வேகம் தருவது உண்மை. ஆனால் அவை தரும் அதிர்ச்சி மெல்லிய மர நுனியைப் பிளந்துவிடலாம். கொஞ்சம் இழுபடும் டேக்ரான் நூல் முதல் வில்லுக்குப் போதும். மெழுகு தேய்த்து வைத்தால் நிற்கும். மரத்துக்கு லின்சீட் எண்ணெய் சில பூச்சு. அதைக் காயவிடுவதற்குள் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது.

வைக்கும் விதத்துக்கு இஷியைக் கேட்கலாம். கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சியவர் என்று அறியப்பட்ட இஷி, 1911ல் வெளியுலகுக்கு வந்து, 1916ல் இறக்கும்வரை சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில் வித்தை கற்று எழுதி வைத்தார். இஷிக்குப் பிடித்த வில் மரம் ஜூனிபர். (போப் தனக்கு யூவில் செய்துகொண்டார், அது வேறு கதை!) நாண் ஏற்றியபடி விட்ட வில்லும், நிற்க வைத்த வில்லும் களைத்துப் போகும் என்பது இஷியின் நம்பிக்கை. வேலை இல்லாத வில் படுத்திருக்க வேண்டும். இன்று வில் செய்கிறவர்களும் அதையே சொல்கிறார்கள்: மூலையில் சாய்த்து வைக்காதே, வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதே, சுவரில் இரண்டு ஆணி அடித்துப் படுக்கையாக மாட்டு. ஆணிகள் கைப்பிடிக்கு இருபுறமும் கொஞ்சம் தள்ளி இருந்தால் நல்லது.