செருப்புக்குத் தடை போட்ட ஊரில் ஸ்னீக்கருக்கு என்ன கேலி?

"சோத்துக்கே வழியில்ல, காலுக்கு நாலாயிரம் ரூபாய் ஷூ கேக்குதா?" சேரிப் பையன் ஒருவன் புது ஸ்னீக்கரோடு ரீல்ஸ் போட்டால் இப்படித்தான் எழுதுகிறார்கள். 'புள்ளிங்கோ' என்று பட்டம் வேறு. அதே ஷூவை வசதியான வீட்டுப் பையன் போட்டால் ரசனை. இவன் போட்டால் திமிர். விலையல்ல, யார் காலில் இருக்கிறது என்பதே இவர்களை உறுத்துகிறது.

என் தாத்தா ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவர். அதெல்லாம் அந்தக் காலம் என்று தள்ளிவிட முடியாது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் இராஜாவூரில், ஆதிக்க சாதியினர் தெருவில் தலித் மக்கள் செருப்போடு நடந்து தடையை உடைத்தது 2023 டிசம்பரில்தான். பொது இடத்தில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் காலணி அணிவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்டில் ஷூவை வெறும் ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

ஸ்னீக்கரின் கதையும் இப்படிப்பட்டதுதான். ரப்பர் அடியும் துணி மேற்பாகமும் கொண்ட விளையாட்டுக் காலணி அது. கன்வர்ஸ் நிறுவனம் 1917இல் தன் 'ஆல் ஸ்டார்' ஷூவைக் கொண்டுவந்தது. அதன்பின் வந்த ஸ்னீக்கர்களைத் தெருவின் கௌரவமாக மாற்றியதில் பெரும் பங்கு அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களுடையது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் ஷூவைக் கழற்றிவிட்டு, கறுப்புக் காலுறையோடு பதக்க மேடை ஏறினார்கள். தம் மக்களின் வறுமையை உலகம் பார்க்கட்டும் என்று. 1986இல் ரன் டிஎம்சி குழு தங்கள் அடிடாஸ் ஷூவைப் பற்றியே ராப் பாடியது. ஸ்னீக்கர் போட்ட கறுப்புப் பையன் என்றாலே ரவுடி என்ற பேச்சுக்கு அது பதில். இங்கே 'புள்ளிங்கோ' என்பவர்களுக்கும் அந்தப் பதில் பொருந்தும்.

ஆனால் ஷூ விடுதலை தரும் என்று நான் சொல்லவில்லை. 1985இல் மைக்கேல் ஜோர்டானின் கறுப்பு சிவப்பு ஷூ சீருடை விதிக்கு ஒத்துவராது என்று என்.பி.ஏ. ஆட்சேபித்தது. அந்தத் தடையையே நைக்கி விளம்பரமாக்கிக் காசு பார்த்தது. கறுப்பர்கள் தேடித்தந்த மதிப்பை நிறுவனங்கள் விலையாக்கிக்கொண்டன.

இங்கும் அதே கணக்குதான். தோல் பதனிட்டவனையும் செருப்புத் தைத்தவனையும் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிய சமூகம், ஷோரூமில் கண்ணாடிக்குப் பின்னால் அதே பொருளைக் கண்டால் கலை என்கிறது. செய்யாறு சிப்காட்டில் நைக்கிக்காக ஷூ தயாரிக்கும் பெண்கள், ஒரு ஜோடி வாங்க எத்தனை நாள் கூலி வேண்டும்? ஷூ விலை பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். அதைக் கேட்காமல் வாங்குகிற பையனை மட்டும் கேலி செய்வது சிக்கன உபதேசம் அல்ல, சாதித் திமிர்.

கந்தலில் இருந்தால் பரிதாபப்படுவார்கள். நிமிர்ந்து உடுத்தினால் பொறுக்க மாட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் கோட்டும் சூட்டும் ஷூவுமாக நின்றது இதைத் தெரிந்துதான் என்று நான் நம்புகிறேன்.

தம்பி, ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொள். கழற்றச் சொல்லும் தெரு இன்னும் இருந்தால் சொல், தனியாகப் போக வேண்டாம். சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்தே நடப்போம்.